பூஜ்ஜியம் என்றால் காத்திரு

அந்தச் சாயப்பட்டறையில் முதலில் கெட்டது மஞ்சள் நிறம்தான். ஆடிக் கிருத்திகைக்கு மலை ஏறுகிறவர்கள் கட்டும் மஞ்சள் துணிக்காக வேகவைத்த நூல், அழுகிய மாம்பழத் தோல் போலக் கறுத்துப்போய் வந்தது. ஒரு தடவை என்றால் சாயத்தூளின் மேல் பழி போடலாம். அடுத்தடுத்து அப்படியே வரவும் முதலாளி சென்னையில் எங்கள் ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டார்.

"உங்க பெட்டி வந்ததுக்கு அப்புறம்தான் இப்படி ஆவுது. யாரையாவது அனுப்புங்க" என்றார்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நான் வேலை பார்த்த கம்பெனி மிகச் சின்னது. ஆலைகளில் சூட்டையும் அழுத்தத்தையும் கவனித்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் பெட்டிகளைச் செய்து விற்றோம். திருத்தணியிலிருந்து தினமும் ரயில் ஏறி வேலைக்கு வந்துகொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். பட்டறையோ திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகும் சாலையில் இருந்தது. அதனால் என் சீனியர், "உன் ஊர்தானே, நீயே போய்ப் பார்த்துட்டு வா" என்று சொல்லிவிட்டார்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்தப் பட்டறையில் சாய இயந்திரங்களை ஓட்டிக்கொண்டிருந்தவர் என் அக்காவின் கணவர். எங்கள் வீட்டில் பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். அவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். பொண்ணு எதுக்கு மின்னணுவியல் படிக்க வேண்டும் என்று நைனா மறுத்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து வாதாடி என்னை அனுப்பிவைத்தவர் பாவாதான். எங்கள் கம்பெனிப் பெட்டி அவருடைய பட்டறைக்கு வந்த நாளில் மலைக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை நான் பட்டறைக்குள் நுழைந்ததும் அங்கிருந்தவர்களைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார்.

"இதான் எங்க வூட்டுப் பொண்ணு. இந்தப் பெட்டியே இது செஞ்சதுதான்."

"நான் மட்டும் செய்யல பாவா. எங்க ஆபீசே செஞ்சது."

"ரெண்டும் ஒண்ணுதான் போ."

"நூல் கறுத்துப்போகுதாமே?"

"அது தூளு கோளாறும்மா. பெட்டி மேல ஒண்ணும் இல்ல. மொதலாளிகிட்ட சொல்லிக்கினுதான் இருக்கேன், கேக்க மாட்டேன்றாரு."

அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு இயந்திரத்துக்காக மனிதர் ஒருவர் அப்படி வாதாடக் கூடாது என்று தோன்றியது.

பட்டறையின் பின்பக்கக் கூடத்தில் வரிசையாக நின்றிருந்தவற்றை எல்லாரும் குக்கர் என்றுதான் சொன்னார்கள். ஆள் உயரத்துக்கு மேலான எவர்சில்வர் அண்டாக்கள். மேலே கனத்த மூடி, மூடியைச் சுற்றி முறுக்கி இறுக்கும் போல்ட்டுகள். பாலியஸ்டர் கலந்த நூலுக்குக் கொதிநீர்ச் சூடு போதாது. அதற்கும் மேலே ஏற்ற வேண்டும், அதற்கு மூடி அழுத்த வேண்டும். வீட்டுக் குக்கர் எப்படியோ அப்படித்தான். ஆனால் வீட்டுக் குக்கரில் ஒரு குடும்பத்துக்குச் சோறு வேகும். இதற்குள் ஒரு ஆள் நிற்கலாம்.

முன்பெல்லாம் பாவா மூடியைத் திறப்பதற்கு முன் பக்கத்தில் இருக்கும் சின்னக் குழாயைக் கையால் திறந்துவிடுவார். ஆவி சீறிக்கொண்டு போகும். சீற்றம் அடங்கிய பிறகு மீட்டரில் முள் கீழே வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் போல்ட்டில் கை வைப்பார். பெட்டி வந்த பிறகு அந்த வேலை நின்றுபோனது. சூடேற்றும் ஆவியைப் பெட்டியே உள்ளே விடும், அழுத்தத்தைப் பெட்டியே கவனிக்கும், முடிந்ததும் ஆவியைப் பெட்டியே வெளியேற்றும், அழுத்தம் முழுவதும் இறங்கியதும் அந்தக் குக்கருக்கு மேலே பச்சை விளக்கை எரிய விடும். விளக்கு எரிந்தால் திறக்கலாம். மீட்டர்களின் கண்ணாடிகள் ஆவி பட்டுப் பழுப்பேறி உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் போயிருந்தன. திரையில்தான் எல்லாம் தெரிகிறதே என்று யாரும் மாற்றவில்லை.

கூடத்தின் ஓரத்தில் கண்ணாடி அடைத்த சின்ன அறையில் பெட்டியும் திரையும் இருந்தன. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு குக்கருக்கும் சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று பச்சை எழுத்தில் எண்கள். மூலையில் கடிகாரம் நொடி நொடியாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஓரத்துக் குக்கரின் சூடு அறுபத்து நாலிலேயே நிற்பதைக் கவனித்தேன். மற்ற எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஒரு எண் மட்டும் அசையவில்லை. எழுந்து போய் அந்தக் குக்கரின் அருகே கையை நீட்டினேன். ஒரு முழத் தூரத்திலேயே கையை இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அறுபத்து நாலு டிகிரியில் அப்படி வீசாது.

"இதுக்கு இன்னும் சூடே ஏறலயே, ஆவி நல்லா வுட்டுக்கினு இருக்குது" என்றார் பாவா, திரையைப் பார்த்துவிட்டு. அவர் நின்ற இடத்திலும் அந்த அனல் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அவருடைய முகம் வியர்த்திருந்தது. ஆனால் அவர் எண்ணைத்தான் நம்பினார்.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. அந்தக் காலத்தில் மத்தியானங்களில் வழக்கமாகப் போவதுதான். திரும்பி வந்ததும் பெட்டி முதலிலிருந்து தொடங்கியது. அதே குக்கரின் சூடு நூற்று முப்பத்தெட்டு என்று காட்டியது, வேண்டியதைவிட அதிகம். அன்று அதிலிருந்து எடுத்த நூலும் கறுத்துத்தான் வந்தது.

என்ன நடந்தது என்பதை இப்போது எளிதாகச் சொல்லிவிடலாம். அப்போது கண்டுபிடிக்க எனக்குச் சில நாட்கள் பிடித்தன.

பெட்டிக்குள் ஓடியது ரியல் டைம் ஆபரேட்டிங் சிஸ்டம் என்ற வகையைச் சேர்ந்தது. அதற்கு ஒரே விரதம், ஒவ்வொரு வேலைக்கும் உரிய நேரத்தைத் தவறாமல் கொடுப்பது. ஒரு வேலை முடங்கிக் கிடந்தாலும் மற்ற வேலைகள் ஒரு நொடி பிந்தாது. வெளிநாட்டிலிருந்து வந்த கையேட்டில் அதைப் பெருமையாக எழுதியிருந்தார்கள். குக்கர்களில் பதித்த சென்சார்கள் எண்களை ஒரே கம்பி வழியாக எழுத்து எழுத்தாக அனுப்பும். அந்தக் கம்பிகள் பெட்டியின் பின்பக்கம் வந்து சேரும் இடங்கள்தான் சீரியல் போர்ட்டுகள். வந்து சேரும் எழுத்துகளை வாசலில் நின்று வாங்கி உள்ளே கொடுக்கும் சின்னப் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். அந்த டிரைவரிடம் நாம் சில விஷயங்களைச் சொல்லி வைக்க வேண்டும். எழுத்துகள் எந்த வேகத்தில் வரும், கெட்டுப்போன எழுத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, ஒன்றும் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது.

ஈர நூலைச் சுற்றிப் பிழியும் ஹைட்ரோ என்ற பெரிய இயந்திரம் அடுத்த கூடத்தில் இருந்தது. அதன் மோட்டார் கிளம்பும்போதெல்லாம் பட்டறை முழுவதும் விளக்குகள் மங்கும். கம்பியில் வந்துகொண்டிருக்கும் எழுத்து ஒன்று அப்போது சிதைந்துபோகும். சிதைந்த எழுத்தைக் கண்டதும் டிரைவர் வாங்குவதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். காத்திருக்கும் நேரம் முடிந்ததும் தவறு என்று மேலே சொல்லிவிட்டு, புதிதாகத் தொடங்க வேண்டும். ஆனால் அந்த நேரத்துக்கான இடத்தில் பூஜ்ஜியம் போட்டிருந்தது.

பூஜ்ஜியம் என்றால் காத்திருக்கவே வேண்டாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த டிரைவருக்கு அது வேறு. பூஜ்ஜியம் என்றால் முடிவில்லாமல் காத்திரு. கையேட்டின் பின்பக்கத்தில், ஒரு அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் அது இருந்தது.

அதனால் ஹைட்ரோ கிளம்பும்போது ஏதாவது ஒரு போர்ட் உறைந்து நிற்கும். எது என்று சொல்ல முடியாது. திரையில் எண் எழுதும் வேலை தன் பாட்டுக்குக் கடைசியாக வந்த எண்ணையே எழுதிக்கொண்டிருக்கும். கடிகாரமும் ஓடும். பார்க்கிறவருக்கு அது உயிரோடு இருப்பதாகவே தோன்றும். மின்சாரம் போய் வந்தால் மட்டுமே விடுபடும். தினமும் எல்லாரும் திட்டிக்கொண்டிருந்த மின்வெட்டுதான் அந்தப் பட்டறையைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டபோது முதலில் எனக்கு மகிழ்ச்சிதான் வந்தது, பிடித்துவிட்டோம் என்று. கையேட்டை மூடிவிட்டுக் கூடத்தைப் பார்த்தேன். பாவா ஒரு குக்கரின் மேல் ஏறி நின்று போல்ட்டுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் பச்சை விளக்கு எரிந்தது. அப்போதுதான் அது உறைத்தது. சூட்டைச் சொல்லும் போர்ட் உறைந்தால், சூடு ஏறவில்லை என்று பெட்டி ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும், நூல் கறுக்கும். அழுத்தத்தைச் சொல்லும் போர்ட்டுக்கும் அதே டிரைவர்தான், அதே பூஜ்ஜியம்தான். குக்கர் காலியாக இருக்கும்போது அது உறைந்தால், அழுத்தம் இல்லை என்ற எண்ணே கடைசி வரை திரையில் நிற்கும். அழுத்தம்தான் இல்லையே என்று பெட்டி ஆவியை வெளியே விடாது. பச்சை விளக்கு அணையாது.

ஓடினேன். மூடி திறந்தது, வெறும் வெள்ளை ஆவி மெதுவாக எழுந்தது, ஒன்றும் ஆகவில்லை. பாவா கீழே இறங்கி, "இன்னாம்மா, மூஞ்சி வெளுத்துப்போச்சு? சாப்பிட்டியா இல்லியா?" என்றார்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார், முழுவதையும் கேட்டார்.

"இப்போ நீங்க சொல்றது, அந்த விளக்கு பொய் சொல்லும்ன்றீங்க?"

"ஆமாங்க. எப்பவும் இல்ல. எப்போன்னு சொல்ல முடியாது."

"இத்தினி மாசமா ஒண்ணும் ஆவலியேம்மா."

"கரண்ட் போய்ப் போய் வந்துகிட்டு இருந்ததால ஆகலைங்க."

அவர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். வாசலில் லாரி ஒன்று நின்றது. அதிலிருந்து நீல நிற ஜெனரேட்டரை இரும்புச் சங்கிலி கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கிருத்திகைக்காகத்தான் எடுத்தேன். கடைக்காரனுங்க எல்லாம் வந்து உக்காந்துகினு இருக்கானுங்க, மஞ்சத் துணி எங்கன்னு. இப்போ நிறுத்துன்னா நான் இன்னா பண்றது? நீங்க சரி பண்ணிக் குடுங்க, நாளைக்கே மாத்திக்கலாம். அதுவரைக்கும் பாத்துப் பதமா ஓட்டுவோம்."

அன்று சாயங்காலமே ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. அதன் உறுமல் சாலை வரை கேட்டது. மின்சாரம் போனால் விளக்குகள் ஒருமுறை இமைக்கும், அவ்வளவுதான். பெட்டி நிற்கவே இல்லை.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு தடவையும் குக்கரில் நூல் ஏற்றுவதற்கு முன்னால் நானே பெட்டியை அணைத்துப் போட்டேன். ஆனால் ஒரு பெட்டிதான் எல்லாக் குக்கர்களையும் பார்த்துக்கொண்டது. அணைத்தால் பாதியில் வெந்துகொண்டிருக்கும் மற்றவற்றின் கணக்கு போய்விடும், நூல் வீணாகும். ஓய்வாக ஓட்டும்போது பரவாயில்லை. கிருத்திகை நெருங்க நெருங்க ஒன்று முடிவதற்குள் அடுத்ததை ஏற்றினார்கள். அணைக்க இடைவெளியே கிடைக்கவில்லை.

சென்னைக்குப் போய் சீனியரிடம் சொன்னேன். அவர்தான் டிரைவருக்கு அந்த அமைப்புகளைப் போட்டவர். முதலில், "உங்க ஊர் கரண்ட் அப்படி, அதுக்கு நான் என்ன செய்ய?" என்று சிரித்தார். பொடி எழுத்தைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"பச்சை விளக்கை எதை வெச்சு எரிய விடறோம்?" என்று அவரே கேட்டார். அவரே, "அழுத்தத்தை மட்டும்தானே" என்றார்.

"ஆமா சார்."

"கடவுளே."

திருத்தி எழுதுவது ஒரு மத்தியான வேலை. எழுத்து வராமல் போனால் எண்ணுக்குப் பதில் கோடுகள் தெரிய வேண்டும், மணி அடிக்க வேண்டும், பச்சை விளக்கு அணைய வேண்டும். அதை உடனே எழுதிவிட்டோம். ஆனால் அதைப் பெட்டிக்குள் புரோகிராம் பதிந்திருக்கும் சில்லுக்குள் ஏற்ற வேண்டுமானால், சில்லில் இருப்பதைப் புற ஊதா விளக்கு காட்டி அழிக்க வேண்டும். ஆபீசில் இருந்த ஒரே விளக்கு எரிந்துபோயிருந்தது. புதுச் சில்லும் கையில் இல்லை. பம்பாய்க்குச் சொல்லியிருக்கிறோம் என்றார்கள். இவ்வளவு பெரிய விஷயம் ஒரு விளக்குக்காகக் காத்துக்கிடந்தது.

வீட்டில் இதைப் பேசினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த பாவாவிடம், "மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடி அந்தச் சின்னக் குழாயைக் கையால திறந்து பாருங்க பாவா. விளக்கை நம்பாதீங்க" என்றேன்.

"நீ செஞ்ச பெட்டியை நானே நம்பலன்னா அப்புறம் வேற எவன் நம்புவான்?"

"நான்தான் சொல்றேன், நம்பாதீங்க."

அக்கா தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள். "அவ சொல்றா இல்ல? தொறந்துதான் பாரேன், கையி இன்னா தேஞ்சா பூடும்?" என்று அதட்டினாள். பாவா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆங், சரி, சரி. தொறந்து பாத்துட்டே எடுக்கறேன், போதுமா?" என்றார். அக்கா விடாமல் பிள்ளைகள் தலையில் கை வைத்துச் சொல்லச் சொன்னாள். சொன்னார். அன்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

புற ஊதா விளக்கு வந்துவிட்டது என்று செய்தி வந்தது கிருத்திகைக்கு முந்தின நாள். தெப்பத் திருவிழா முடியும் வரை மஞ்சள் துணி விற்கும் என்று பட்டறை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. விடிந்ததும் ரயில் ஏறினேன். சீனியர் எனக்கு முன்பே வந்து சில்லை அழித்து வைத்திருந்தார். அதில் புதிய புரோகிராமை ஏற்றி, கறுப்புப் பஞ்சில் குத்தி, பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொடுத்தார். "ஜாக்கிரதை" என்றார். அடுத்த ரயிலிலேயே திரும்பினேன்.

ரயில் பெட்டி முழுவதும் காவடிகள். மஞ்சள் வேட்டி, மஞ்சள் புடவை, நெற்றி நிறைய விபூதி. உட்கார இடமில்லை. டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுகொண்டே வந்தேன். அரக்கோணம் தாண்டியதும் யாரோ அரோகரா என்று தொடங்க, பெட்டியே சேர்ந்து முழங்கியது. எனக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை.

திருத்தணியில் இறங்கியபோது நல்ல வெயில். பேருந்து எதுவும் நகரவில்லை. சாலை முழுவதும் தலைகள். பொதட்டூர்பேட்டைப் பக்கம் நடந்தே போய்விடுவது என்று கூட்டத்துக்கு எதிராக நடந்தேன். கொஞ்ச தூரத்தில் ஒரு திறந்த வேன் ஹாரன் அடித்துக்கொண்டே எதிரே வந்தது. கூட்டம் மெல்ல விலகியது. வேனின் பின்னால் ஒருவர் இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து விலக்கித் தூக்கியபடி நின்றிருந்தார். இடுப்புக்கு மேல் துணியில்லை. முகம், மார்பு, கைகள் எல்லாம் ஒரே மஞ்சள். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. யாரோ அருள் வந்த பக்தர் என்று நினைத்தார்கள். பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு பெரியவர் அரோகரா என்று கத்தினார், சுற்றி இருந்தவர்கள் திருப்பிக் கத்தினார்கள். நானும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன்.

வேன் என்னைத் தாண்டும்போது அதன் பக்கவாட்டில் பட்டறையின் பெயரைப் பார்த்தேன். உள்ளே அவரைத் தொட முடியாமல் சுற்றி நின்றிருந்தவர்களில் ஒருவர் என்னை அடையாளம் கண்டு, "ஏறும்மா, ஏறு! உங்க பாவாதான்!" என்று கை நீட்டினார்.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை கூட்டம் கும்பிட்டுக்கொண்டே இருந்தது. பாவா என்னைப் பார்த்தார். அவருக்கு நினைவு இருந்தது. பற்கள் அடித்துக்கொண்டன. அவர் மேலிருந்து இன்னும் ஆவி வருவது போல எனக்குத் தோன்றியது. வழிந்து உலர்ந்த சாயம் காதுக்குள் வரை போயிருந்தது. தோல் எங்கே முடிகிறது, சாயம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சென்னையிலிருந்து கொண்டுவந்த டப்பா என் மடியில் இருந்தது.

டாக்டர் ஊசி போட்ட பிறகு நடுக்கம் குறைந்தது. அக்கா இன்னும் வந்து சேரவில்லை. பாவா என்னை அருகே வரச் சொன்னார்.

"நீ சொன்ன மாரியே பண்ணேன்மா. கொழாயைத் தொறந்தேன். ஒண்ணும் வர்ல. புஸ்ஸுன்னு ஒரு சத்தம்கூட இல்ல. வெளக்கும் எரிஞ்சிக்கினு இருந்துது. அப்புறம்தான் போல்ட்டுல கைய வெச்சேன்."

பிறகு நான் போய்ப் பார்த்தேன். பெட்டி வந்த நாளிலிருந்து, பாவா வீட்டில் சத்தியம் செய்யும் வரை, அந்தக் குழாயை யாரும் திறந்திருக்கவில்லை. உள்ளே சாயமும் உப்பும் சேர்ந்து இறுகி, கல்லாக அடைத்திருந்தது. ஓரக் குக்கரின் அழுத்தப் போர்ட் உறைந்து நின்றிருக்கிறது, குழாயும் மூச்சு விடவில்லை. பெட்டி சொன்னது, குழாயும் சொன்னது. இரண்டும் ஒன்றுபோலச் சொன்னதால்தான் அவர் தயங்காமல் திறந்தார். பாதிப் போல்ட்டுகள் கழன்றதுமே மூடி பக்கவாட்டில் எகிறி, கொதிக்கிற மஞ்சள் தண்ணீர் அவர் மேல் அடித்திருக்கிறது. திரையில் சூட்டின் எண் மட்டும் சரியாகவே இருந்ததாம், நூற்றுக்கு மேலே. அதை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியது விளக்கு ஒன்றுதான் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள்.

அன்றைக்கே சில்லை மாற்றினேன். ஏனென்றால் மற்றக் குக்கர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆள் அடிபட்ட கூடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, சுவரில் மஞ்சள் திட்டுகள் அப்படியே இருக்க, வேறு ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். சில்லைச் செருகிவிட்டு ஹைட்ரோவைப் போடச் சொன்னேன். விளக்குகள் மங்கின. திரையில் ஒரு எண் கோடுகளாக மாறி, மணி கத்தியது. கூடத்தில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி வாசலில் நின்றிருந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. அந்த வாரமே எல்லா மீட்டர்களையும் மாற்றினார், குழாய்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார். பாவாவின் வைத்தியத்தைக் கடைசி வரை அவரே பார்த்துக்கொண்டார்.

பாவா பிழைத்தார். பல மாதங்கள் ஆனது. வலது கை முழங்கையில் நேராக நீளவில்லை. தோலில் இருந்த மஞ்சள் உரிந்து போய்விட்டது. நகங்களில் மட்டும் வளர்ந்து வெட்டி முடியும் வரை இருந்தது. சோறு பிசையும்போது அக்கா அந்த நகங்களைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். வந்து விசாரிக்கிறவர்களிடமெல்லாம் பாவா, "பெட்டி மேல ஒண்ணும் இல்ல, கொழா அடைச்சிக்கிச்சி" என்றே சொன்னார். நான் பக்கத்தில் இருந்தால் இன்னும் உரக்கச் சொல்வார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்காவும் திட்டவில்லை. என் வேலையைப் பற்றி அவள் அதற்குப் பிறகு எதுவுமே கேட்கவில்லை. கொஞ்ச நாளில் நான் சென்னையில் ஒரு ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன். "ரயில்ல போய் வர்றது கஷ்டம்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா என் துணிகளை மடித்துக் கொடுத்தாள்.

பாவா திரும்ப அதே வேலைக்குத்தான் போனார். ஒருமுறை பார்க்கப் போயிருந்தேன். முள் இறங்கிவிட்டது, ஆவி போய்விட்டது, விளக்கும் எரிகிறது. அவர் போல்ட்டில் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். திறக்கவில்லை. கீழே ஆட்கள் காத்திருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. அவர் உதடுகள் அசைந்தன. என்ன சொல்லிக்கொண்டார் என்று எனக்குக் கேட்கவில்லை.

அதே பூஜ்ஜியத்தோடு அதே பெட்டிகளை வேறு ஊர்களுக்கும் விற்றிருந்தோம். அடுத்த மாதங்களில் சீனியரும் நானும் ஒவ்வொரு ஊராகப் போய்ச் சில்லை மாற்றிக்கொண்டு வந்தோம். ஈரோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் எங்களைப் பார்த்ததும், "நல்லாத்தானுங்க ஓடுது, எதுக்கு மாத்தறீங்க?" என்று கேட்டார்கள். சீனியர் பெட்டியைத் திறந்தார். நான் சில்லைப் பிடுங்கினேன்.

கடைசியாக ஒன்று மட்டும் மிஞ்சியது. தேடிப் போனபோது பட்டறை பூட்டிக் கிடந்தது. காவலுக்கு இருந்தவர், நஷ்டம் என்று மூடிவிட்டார்கள், இயந்திரங்களை எல்லாம் யாரோ வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்.

"யாரு, எந்த ஊருன்னு தெரியுமாங்க?"

"அது தெரியாதுங்க. தெலுங்கு பேசுனாங்க."

"டிவி மாதிரி ஒரு பெட்டி இருந்திருக்குமே, அதையும் எடுத்துட்டுப் போனாங்களா?"

"அதத்தாங்க மொதல்ல ஏத்துனாங்க. போட்டுப் பாத்தாங்க. கடியாரமெல்லாம் நல்லா ஓடுச்சு."

நகரி, புத்தூர், திருப்பதிப் பக்கம் தெரிந்த பட்டறைகளில் எல்லாம் விசாரித்தோம். சீனியர் தன் கையாலேயே அந்தப் பக்கத்து ஊர்களுக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெட்டியை நாங்கள் கண்டுபிடிக்கவே இல்லை.